"குழந்தைகளைக் காப்பேன்" என்கிற வேட்பாளரிடம் எந்தக் கணக்கைக் கேட்பது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வர்ஜீனியா, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில். இங்கே ஆண்டுதோறும் ஏதாவது ஒரு தேர்தல் வந்துவிடும். ஒரு வருடம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), அடுத்த வருடம் மாநில சட்டமன்றம், இடையில் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி). எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வேட்பாளர்களை அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தலாம் என்று இருக்கிறோம். பெற்றோர்களுக்கு இருக்கும் பெரிய கவலை, இணையம் வழியாகக் குழந்தைகளை வலையில் வீழ்த்துகிறவர்கள்தான். வேட்பாளர்களின் துண்டறிக்கைகளில் கட்சி வேறுபாடு இல்லாமல் "அவர்களை ஒடுக்குவேன்" என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த வரிக்குப் பின்னால் உண்மையில் பணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது எப்படி? எந்தப் பதவிக்கு வருகிறவரிடம் எதைக் கேட்க வேண்டும்? எந்தத் தளத்தில், எந்தத் தலைப்பில் தேட வேண்டும் என்பது வரை யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு கட்சியைத் திட்டும் பதில்கள் வேண்டாம்.

---

வரவுசெலவு எழுதியது:

நல்ல கேள்வி. காங்கிரஸ் மட்டத்திலிருந்து தொடங்குகிறேன், குழப்பம் அதிகமாக இருப்பது அங்கேதான்.

அமெரிக்கக் காங்கிரஸில் பணத்துக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் ஒரு திட்டத்துக்கு ஆண்டுக்கு "இவ்வளவு வரை செலவிடலாம்" என்று உச்சவரம்பு வைக்கும் சட்டம். இரண்டாவது கட்டம் ஒதுக்கீடு. கருவூலத்திலிருந்து பணம் வெளியே வருவது இரண்டாவது கட்டத்தில்தான். வேட்பாளர்கள் மேடையில் பேசுவது எப்போதும் முதல் கட்டத்தைப் பற்றி.

இதற்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அன்று காங்கிரஸ் விசாரணைகளில் புலனாய்வாளர்கள் சொன்னது இது: சிறுவர் பாலியல் சுரண்டல் படங்களை இணையத்தில் பகிரும் லட்சக்கணக்கான கணினிகளை எங்களால் பார்க்க முடிகிறது, ஆனால் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானவற்றைத்தான் விசாரிக்க ஆள் இருக்கிறது. அதை வைத்து அப்போது செனட்டராக இருந்த ஜோ பைடன் 'ப்ரொடெக்ட் அவர் சில்ட்ரன்' மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் இதே நோக்கத்தோடு வந்தது டெபி வாஸர்மன் ஷுல்ட்ஸின் மசோதா. புதிய செலவுக்கு ஈடாக வேறெங்கும் வெட்டவில்லை என்று பல மசோதாக்களை மறித்துவந்த ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் இதையும் நிறுத்திவைத்தார். 2008 ஜூலையில் செனட்டில் இப்படித் தேங்கிய மசோதாக்களை ஒரே மூட்டையாகக் கட்டி நிறைவேற்ற முயன்றார்கள். 60 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 52 தான் கிடைத்தது. செப்டம்பர் கடைசியில் தனி மசோதாவாக இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபர் 13 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அதிபர் தேர்தலுக்கு அப்போது மூன்று வாரம். பைடன் துணை அதிபர் வேட்பாளர். எதிரணியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், சக் ஷூமருடன் சேர்ந்து எழுதிய இணைய நிறுவனங்கள் புகார் அளிக்கும் கடமை பற்றிய பகுதியும் அதே சட்டத்துக்குள் இருந்தது. இரண்டு அணிகளும் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடிந்த சட்டம் அது. அதில் பொய்யும் இல்லை.

அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 6 கோடி டாலர், 2009 முதல் 2013 வரை. இந்தப் பணம் போவது 'ஐகாக்' டாஸ்க் ஃபோர்ஸ்களுக்கு, அதாவது குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்புக் காவல் குழுக்களுக்கு. நாடு முழுக்க 61 குழுக்கள், அவற்றின் கீழ் பல ஆயிரம் உள்ளூர் காவல்துறைகள். 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் வழியாக ஒருமுறை மட்டும் கூடுதலாக 5 கோடி டாலர் கிடைத்தது. அது போக, வழக்கமான ஒதுக்கீடு 6 கோடியைத் தொடவே இல்லை. அடுத்த பத்து ஆண்டுகள் சுமார் பாதியிலேயே நின்றது. 2012-லும் 2017-லும் சட்டத்தைப் புதுப்பித்தார்கள், அப்போதும் அதே 6 கோடிதான். விலைவாசி ஏறியதற்குக்கூட ஒரு டாலர் கூட்டவில்லை. 2022 நிதியாண்டோடு அந்த வரம்பும் காலாவதி ஆகிவிட்டது. வரம்பு காலாவதியானாலும் காங்கிரஸ் ஒதுக்கீடு செய்யலாம், செய்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் "சட்டத்தைப் புதுப்பிப்பேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அது நல்லதுதான், ஆனால் ஒரு புலனாய்வாளரின் சம்பளம்கூட அதிலிருந்து வராது.

அதே காலத்தில் புகார்கள் எங்கே போயின என்று பாருங்கள். காணாமல் போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய மையம் நடத்தும் சைபர்டிப்லைன் என்ற இணையப் புகார் மையத்துக்கு 2023-இல் வந்த அறிக்கைகள் 3.62 கோடி. 2024-இல் 2.05 கோடியாகக் குறைந்தது. அதைக் காட்டி "குற்றம் குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் மறுத்துக் கேளுங்கள். ஒரே சம்பவத்தின் பல அறிக்கைகளை ஒன்றாக்கும் முறை அந்த ஆண்டு வந்தது, பெரிய தளங்களில் செய்திகள், நிறுவனமே படிக்க முடியாத முழுக் குறியாக்கத்துக்குள் போனதும் ஒரு காரணம்.

இனி தேடும் வழி. காங்கிரஸ்.கவ் தளத்தில் வேட்பாளர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால், எந்த மசோதாவில் இணை முன்மொழிபவர், எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று பாருங்கள். மசோதா தாக்கலான அன்றே சேர்ந்தவரும், நிறைவேறப்போவது உறுதியான பிறகு சேர்ந்தவரும் ஒன்றல்ல. ஆனால் அதோடு நிற்காதீர்கள், பெயர் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. அடுத்து வர்த்தகம், நீதி, அறிவியல் ஒதுக்கீட்டு மசோதாவோடு வரும் விளக்க அறிக்கையை எடுங்கள். அதில் சிறார் நீதி அலுவலகத்துக்கான அட்டவணையில் 'மிஸ்ஸிங் அண்ட் எக்ஸ்ப்ளாய்டட் சில்ட்ரன்' என்று ஒரு வரி இருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. அந்த வரியில் தேசிய மையத்துக்கான மானியம், ஆம்பர் எச்சரிக்கை (கடத்தப்பட்ட குழந்தை பற்றிய அவசர அறிவிப்பு) பயிற்சி, டாஸ்க் ஃபோர்ஸ்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். மொத்தத் தொகையைச் சொல்லி "இவ்வளவு புலனாய்வுக்குக் கொடுத்தோம்" என்று ஒருவர் பேசினால், அதில் ஐகாக் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்கள் பகுதிக்கு வந்தது எவ்வளவு என்று அறிய யுஎஸ்ஏஸ்பெண்டிங்.கவ். அங்கே உதவித் திட்ட எண் 16.543 போட்டு, மாநிலத்தை வர்ஜீனியா என்று வைத்துத் தேடினால் எந்த அலுவலகத்துக்கு எந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்று தெரியும். உங்கள் மாநிலத்தில் இரண்டு குழுக்கள்: தெற்கே பெட்ஃபோர்ட் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் நடத்துவது, வடக்கே மாநிலக் காவல்துறை நடத்துவது. பெட்ஃபோர்ட் 1998-இல் தொடங்கிய முதல் பத்துக் குழுக்களில் ஒன்று.

பங்கீட்டு விதியும் தெரிந்திருக்கட்டும். ஒதுக்கிய பணத்தில் குறைந்தது 75 சதவீதம் சூத்திரப்படி பிரியும்: மக்கள்தொகை, வந்த துப்புகள், வழக்குக்கு அனுப்பியவை, தண்டனை வாங்கியவை என்று. எந்தக் குழுவுக்கும் அதில் அரை சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வாங்கும் குழு தன் பங்காக 25 சதவீதம் உள்ளூர்ப் பணம் போட வேண்டும், இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். இந்த 25 சதவீதத்தால்தான் மாநில, கவுண்டி வேட்பாளர்களுக்கும் இதில் நேரடிப் பொறுப்பு வருகிறது.

---

மின்தடயம் எழுதியது:

மேலே சொன்னதோடு, பணம் எங்கே கரைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "கூடுதல் நிதி" என்று பொதுவாகச் சொல்கிறவரை அடுத்த கேள்விக்கு இழுக்க இது உதவும்.

ஒரு துப்பு கைதாக மாறும் பாதை இது. இணைய நிறுவனம் தேசிய மையத்துக்கு அறிக்கை அனுப்புகிறது. மையம் ஐபி முகவரியை வைத்து ஊரைக் கணித்து அந்தப் பகுதி ஐகாக் குழுவுக்கு அனுப்புகிறது. குழுவில் ஒருவர் படித்து, எது அவசரம் என்று பிரிக்க வேண்டும். பிறகு இணைய இணைப்பு நிறுவனத்துக்கு சப்பீனா (தகவல் தரச் சொல்லும் சட்ட ஆணை), சந்தாதாரர் பெயர் வந்ததும் சோதனை வாரன்ட், வீட்டில் கருவிகளைக் கைப்பற்றுதல், தடய ஆய்வு, அரசு வழக்கறிஞர்.

ஒவ்வொரு படியிலும் அடைப்பு உண்டு. அறிக்கைகளின் தரம் முதல் சிக்கல். 2024-இல் ஸ்டான்ஃபோர்ட் இணைய ஆய்வகம் சைபர்டிப்லைன் பற்றி வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விரிவாகச் சொன்னது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு அறிக்கைகளில் ஒன்று மீம் படம், இன்னொன்றின் பின்னால் இப்போதே ஆபத்தில் இருக்கும் ஒரு குழந்தை. எது எது என்று சொல்லும் விவரம் அறிக்கையில் இருப்பதில்லை. நிறுவனத்து ஊழியர் யாரும் கோப்பைத் திறந்து பார்க்காமல் இயந்திரப் பொருத்தத்தில் மட்டும் அனுப்பியிருந்தால், திறப்பதற்கே வாரன்ட் வாங்குவது பல இடங்களில் நடைமுறை. 2016-இல் ஆக்கர்மன் வழக்கு, 2021-இல் வில்சன் வழக்கு ஆகியவற்றில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தந்த தீர்ப்புகளுக்குப் பிறகு வந்த நிலை இது. ஒரு கோப்புக்கு ஒரு வாரன்ட் என்றால் எத்தனை மணி நேர வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். இணைப்பு நிறுவனங்கள் ஐபி பதிவுகளை இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. வரிசையில் கிடந்த துப்பை எடுக்கும்போது பதிவு அழிந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. கைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்வதால் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது. 2024 மே மாதம் கையெழுத்தான ரிப்போர்ட் சட்டம் இதில் ஒரு பகுதியைச் சரிசெய்தது. நிறுவனங்கள் தாங்கள் அனுப்பிய அறிக்கை தொடர்பான தரவை 90 நாளுக்குப் பதில் ஓர் ஆண்டு பாதுகாக்க வேண்டும். வேண்டுமென்றே புகார் தராத பெரிய நிறுவனத்துக்கு முதல் முறை அபராதம் 8.5 லட்சம் டாலர் வரை. குழந்தைகளை ஆசைகாட்டி அழைப்பதும் கடத்தலும் கட்டாயப் புகார் பட்டியலில் சேர்ந்தன. நல்ல சட்டம்தான். ஆனால் விளைவு என்ன? குழுக்களுக்கு வரும் அறிக்கைகள் இன்னும் கூடும். படிக்க ஆள் கூடவில்லை.

கடைசி அடைப்பு தடய ஆய்வகம். ஒரு வீட்டில் கைபேசிகள், மடிக்கணினிகள், பழைய ஹார்ட் டிஸ்க்குகள், விளையாட்டுப் பெட்டி என்று பத்துக் கருவிகள் கிடைப்பது சாதாரணம். பூட்டைத் திறக்கும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். மானியப் பணத்தில் ஒருமுறை கருவி வாங்கிவிடுகிறார்கள், மூன்றாம் ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கக் கணக்கில் வரி இல்லாமல் அது மேசையில் கிடக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஆள். இந்தத் திறமை உள்ளவருக்குத் தனியார் நிறுவனம் தரும் சம்பளம் கவுண்டி தருவதைவிட வெகு அதிகம். பயிற்சி முடித்தவர் போய்விடுகிறார். அந்தப் படங்களை நாள்தோறும் பார்க்கும் வேலைக்கு உளநல ஆதரவும் கட்டாயம் தேவை, பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

ஆகவே "கருவி வாங்கித் தருவேன்" என்பவரைவிட "இரண்டு நிரந்தரப் பணியிடம் உருவாக்குவேன்" என்பவர் விஷயம் தெரிந்தவர். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், 2020-இல் செனட்டர் ரான் வைடன் கொண்டுவந்த 'இன்வெஸ்ட் இன் சைல்ட் சேஃப்டி' மசோதாவைப் படியுங்கள். 500 கோடி டாலர் கட்டாய நிதி. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டின் சிறுவர் சுரண்டல் பிரிவில் 30 பேரை 120 ஆக்குவது, எஃப்பிஐக்கு 100 புதிய புலனாய்வாளர்கள், தேசிய மையத்துக்கு 65 பொறியாளர்கள், ஆய்வாளர்கள் என்று தலைக்கணக்கோடு எழுதியிருந்தார்கள். நிறைவேறவில்லை. அதே ஆண்டு வந்த 'ஈர்ன் இட்' மசோதா இணைய நிறுவனங்களின் சட்டப் பாதுகாப்பைக் குறைப்பது பற்றியது, பணம் பற்றியது அல்ல. அதில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வைத்து நிதி விஷயத்தில் ஒரு வேட்பாளரை எடைபோட முடியாது.

---

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 16.543 எண் போட்டுத் தேடியதில் வர்ஜீனியாவின் பட்டியல் வந்துவிட்டது.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, மாநில மட்டத்தில் சிலர் "தண்டனையைக் கூட்டுவோம், விடுதலையானவர்கள் பள்ளிப் பக்கம் குடியிருக்கத் தடை, வாழ்நாள் முழுக்க ஜிபிஎஸ்" என்கிறார்கள். இதற்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு? இரண்டு, ஷெரிஃப் வேட்பாளரிடம் இதைப் பற்றிக் கேட்கலாமா?

---

ஓரவாரம் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில். ஃபேர்ஃபாக்ஸ் ஷெரிஃப் சிறையையும் நீதிமன்றப் பாதுகாப்பையும் பார்ப்பவர். குற்றப் புலனாய்வு கவுண்டி காவல்துறையிடம் இருக்கிறது, அதற்குப் பணம் போடுவது போர்ட் ஆஃப் சூப்பர்வைசர்ஸ் என்ற கவுண்டி நிர்வாகக் குழு. அதனால் அந்தக் கேள்வியை சூப்பர்வைசர் வேட்பாளரிடம் வையுங்கள். பெட்ஃபோர்டில் இருப்பவர்கள் ஷெரிஃபிடமே கேட்க வேண்டும், அங்கே குழுவை நடத்துவது அவர். காமன்வெல்த் அட்டர்னி (இங்கே குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர்) தேர்தல் வந்தால் அதை விடாதீர்கள். இந்த வழக்குகளுக்கென்று தனி வழக்கறிஞர் எத்தனை பேர், முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை ஒரே வழக்கறிஞர் கையில் வழக்கு இருக்குமா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வழக்கறிஞர் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தை அதே கதையைப் புதிதாக வருகிறவரிடமெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது குடியிருப்புத் தடை, ஜிபிஎஸ். பணத்தோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 2006-இல் 83-ஆம் முன்மொழிவு சுமார் 70 சதவீத வாக்கோடு நிறைவேறியது. பள்ளி, பூங்காவிலிருந்து 2,000 அடிக்குள் குடியிருக்கத் தடை, கடும் குற்றவாளிகளுக்கு வாழ்நாள் ஜிபிஎஸ். ஜிபிஎஸ் செலவு பத்தாண்டுக்குள் ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவுக்குப் போகும் என்று சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் வாக்கெடுப்புக்கு முன்பே கணித்திருந்தது. நாடு முழுமைக்கும் ஐகாக்குக்கு வைத்த உச்சவரம்பே 6 கோடிதான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். குடியிருப்புத் தடையால் பலர் வீடற்றவர்களானார்கள். முகவரி இல்லாதவரைக் கண்காணிப்பது இன்னும் கடினம் என்று பாலியல் குற்றவாளிகளைக் கையாள மாநிலமே அமைத்த மேலாண்மை வாரியம் எச்சரித்தது. 2015-இல் சான் டியாகோ கவுண்டியில் பரோலில் இருக்கும் இக்குற்றவாளிகள் அனைவருக்கும் குடியிருப்புத் தடையை ஒரேயடியாகப் போடுவது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று, இது அடிப்படை. காவல்துறைக்கு வந்த வழக்குகளை வைத்து நீதிப் புள்ளிவிவர அலுவலகம் 2000-இல் வெளியிட்ட அறிக்கையில், சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவர்களில் முன்பின் தெரியாதவர்கள் 7 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் உறவினர்களும் அறிமுகமானவர்களும். பள்ளிக்கு எத்தனை அடி தள்ளிக் குடியிருக்கிறார் என்பது இந்த 93 சதவீதத்துக்கு ஒன்றும் செய்யாது.

வர்ஜீனியாவில் பயனுள்ள மாநில நிதி ஒன்று உண்டு, அலிசியா சட்டம். குற்றத் தண்டனை பெறுகிறவர்களிடம் நீதிமன்றச் செலவோடு 15 டாலர் வாங்கி, இணையக் குற்ற நிதியில் போடுகிறார்கள். அதிலிருந்து மாநிலத்தின் இரண்டு குழுக்களுக்கும் இணைந்த உள்ளூர்க் காவல்துறைகளுக்கும் போகிறது. வேறு மாநிலங்கள் இதே பெயரில் வேறு வழி வைத்திருக்கின்றன. அரிஸோனாவில் லாட்டரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 9 லட்சம் டாலர் வரை. கட்டணத்தை நம்பிய நிதியின் பலவீனம், தண்டனை எண்ணிக்கையும் வசூலும் குறைந்தால் அதுவும் குறையும். மாநில வேட்பாளரிடம் கேட்க வேண்டியது: வசூல் குறைகிற ஆண்டில் பொது நிதியிலிருந்து ஈடுகட்டுவீர்களா?

இதே பலவீனம் கூட்டாட்சி அளவில் ஒரு பெரிய சேதத்தை உண்டாக்கியிருக்கிறது. அதைப் பற்றி மேடையில் யாருமே பேசுவதில்லை, எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். குற்றம் நடந்த பிறகு குழந்தையைக் கூட்டிப்போகும் இடம் சில்ட்ரன்ஸ் அட்வகசி சென்டர். பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையிடம் பேசுவார். போலீஸ், வழக்கறிஞர், குழந்தை நல அலுவலர் ஆகியோர் அடுத்த அறையில் இருந்து பார்ப்பார்கள். மருத்துவப் பரிசோதனையும் மனநலச் சிகிச்சையும் அதே குழுவின் ஏற்பாட்டில் நடக்கும். இதைத் தொடங்கியவர் அலபாமா, ஹன்ட்ஸ்வில்லில் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த பட் க்ரேமர், 1985-இல். பிறகு அவர் காங்கிரஸுக்குப் போய், ஒதுக்கீட்டுக் குழுவிலும் இருந்தார். வேட்பாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லலாம். இன்று நாடெங்கும் 900-க்கு மேல் மையங்கள்.

இவற்றின் பணத்தில் பெரும்பங்கு வருவது 1984-இல் உருவான குற்றப் பாதிப்புற்றோர் நிதியிலிருந்து. அது வரிப்பணம் அல்ல, கூட்டாட்சி வழக்குகளில் வசூலாகும் அபராதம். பெருநிறுவன வழக்குகள் தண்டனைக்குப் போகாமல் ஒப்பந்தங்களில் முடியத் தொடங்கியதும் அந்தத் தொகை பொதுக் கருவூலத்துக்குப் போனது, நிதி வற்றியது. 2021 ஜூலையில் சட்டத் திருத்தம் வந்து அந்தப் பணத்தையும் நிதிக்குத் திருப்பினார்கள். ஆனாலும் 2018 நிதியாண்டில் 440 கோடி டாலருக்கு மேல் இருந்த ஆண்டு வரம்பு, 2024-இல் சுமார் 135 கோடிக்கு இறங்கிவிட்டது. மையங்களில் பேசும் ஆளும் சிகிச்சையாளரும் குறைந்தால் கைதான வழக்கும் நீதிமன்றத்தில் நிற்காது. யுஎஸ்ஏஸ்பெண்டிங்கில் இதற்கு எண் 16.575, மையங்களுக்கான நேரடி மானியத்துக்கு 16.758.

---

படியளப்பவள் எழுதியது:

சிறு எச்சரிக்கை, தேர்தல் நேரம் என்பதால். "குழந்தைகளைச் சூறையாடுகிறவர்களை நிறுத்த 25 டாலர் தாருங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். பெரும்பாலும் அது வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கோ ஒரு பிஏசிக்கோ (அரசியல் நிதிக் குழு) போகும் பணம். பணம் கட்டும் பக்கத்தின் அடியில் யார் செலவில் என்ற வரியைப் படியுங்கள். பிரசாரக் குழு என்றால் வரிவிலக்கு கிடையாது, ஒரு காசும் புலனாய்வுக்குப் போகாது. எஃப்இசி (கூட்டாட்சித் தேர்தல் ஆணையம்) தளத்தில் அந்தக் குழுவின் பெயரைப் போட்டால் எதற்குச் செலவிட்டார்கள் என்று வரிவரியாக இருக்கும். தொண்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டால், வரவு செலவைக் காட்டி அது ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தைக் கேளுங்கள்.

தாங்களே குழந்தை வேடமிட்டுப் பேசி ஆட்களைப் பிடித்துக் காணொளி போடும் குழுக்களுக்கும் கொடுக்காதீர்கள். சாட்சியத்தை யார் கையாண்டார்கள் என்ற சங்கிலி அறுந்து, வழக்கே தொடர முடியாமல் போகும். பிடிபட்டவர் வீட்டுக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடுவார்.

---

வரவுசெலவு எழுதியது:

நண்பர் ஓரவாரம் சொன்ன பாதிப்புற்றோர் நிதி மிக முக்கியம், அதைக் காங்கிரஸ் வேட்பாளரிடமும் கேளுங்கள். விட்டுப்போன சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒதுக்கீடு ஒரே பெரிய மசோதாவில் வருவதால் "நான் ஆதரித்து வாக்களித்தேன்" என்பதற்குப் பெரிய பொருள் இல்லை. அதற்கு முன்பு, வசந்த காலத்தில், ஒவ்வொரு உறுப்பினரும் ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்புவார். அதில் ஐகாக்குக்கு எவ்வளவு கேட்டார், கையெழுத்திட்டாரா என்பதுதான் சான்று. தொகுதிக்கென்று கேட்கும் திட்டங்களைப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உள்ளூர் காவல்துறைக்குத் தடய ஆய்வகம் கேட்டிருக்கிறாரா என்று அங்கே பார்க்கலாம்.

ஒதுக்கிய பணமும் திசைமாறும். 2019-இல் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) தன் இணையக் குற்றப் பிரிவுகளிடமிருந்து சுமார் 60 லட்சம் டாலரைக் குடியேற்ற நடவடிக்கைக்கு மாற்றியது செய்தியானது. அதிபர் வேட்பாளரின் கட்சிக்காரர் வந்தால் இதைக் கேட்கலாம். கூடவே இதையும்: 2008 சட்டப்படி ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேசிய உத்தி தர வேண்டும். வந்தவை 2010, 2016, 2023. 2022 டிசம்பரில் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இதைக் கண்டித்த பிறகுதான் மூன்றாவது வந்தது. இரு கட்சி ஆட்சிகளும் தவறவிட்ட கடமை இது.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கேள்விக்குத்தான் நேரம் கிடைக்கும், நழுவ முடியாதபடி கேளுங்கள். காங்கிரஸ் வேட்பாளரிடம்: "ஐகாக் குழுக்களுக்கு அடுத்த நிதியாண்டில் எத்தனை டாலர் கேட்டுக் கடிதம் எழுதுவீர்கள்? பாதிப்புற்றோர் நிதி குறைந்தால் எங்கிருந்து நிரப்புவீர்கள்?" மாநில வேட்பாளரிடம்: "அலிசியா நிதி போக, பொது பட்ஜெட்டில் தனி வரி உண்டா, எத்தனை நிரந்தரப் பணியிடம்?" சூப்பர்வைசர் வேட்பாளரிடம்: "நம் கவுண்டியில் கைப்பற்றிய ஒரு கைபேசி ஆய்வுக்குப் போக இன்று எத்தனை வாரம் காத்திருக்கிறது? அதை எவ்வளவாகக் குறைப்பீர்கள்?" காமன்வெல்த் அட்டர்னி வேட்பாளரிடம் தனி வழக்கறிஞர் எண்ணிக்கை. கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அப்போது "தகவல் கையில் இல்லை" என்ற பதிலுக்கு இடம் இருக்காது.

ஒரு டாலர் தொகையோ ஒரு எண்ணிக்கையோ வராமல் முடிந்த பதிலை "பதில் இல்லை" என்றே குறித்துக்கொள்ளுங்கள். காங்கிரஸுக்கு ஜெயித்தவருக்கு அடுத்த கோரிக்கைக் கடிதக் காலம் பதவியேற்ற சில மாதங்களிலேயே வந்துவிடும். பிப்ரவரியில் அவருடைய தொகுதி அலுவலகத்துக்கு அந்தக் குறிப்போடு போய், ஒதுக்கீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் ஊழியர் யார் என்று கேட்டு அவரிடமே கொடுங்கள்.